நீராவி எஞ்சினுக்கு எதற்குச் சாம்பிராணி? குத்தாலம் பக்கத்துத் தோட்ட ரயிலும் என் சண்டையும்

போன தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், ஒரத்தநாட்டிலிருந்து குத்தாலம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தேன். அருவி கொட்டும் குற்றாலம் இல்லை. மயிலாடுதுறைக்கு முந்தைய ரயில் நிலையமான குத்தாலம். அங்கே ஒருவர் வீட்டுக் கொல்லையில் தண்டவாளம் போட்டு ஒன்றேகால் அடி நீளமுள்ள நீராவி எஞ்சினை ஓட்டுகிறார். பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே பாய்லர் இருக்கிறது, நெருப்பு எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, அந்த ஆவியில்தான் சக்கரம் சுற்றுகிறது.

நான் போனதற்குக் காரணம் கோபம். ஓர் அரிசி மில்லில் முப்பத்தெட்டு வருடம் பாய்லருக்கு முன்னால் நின்றவன் நான். உமியைத் தள்ளி நெருப்பு வளர்த்து, நெல் அவிக்க ஆவி எடுத்துக் கொடுப்பது என் வேலை. என் மருமகள் ஒரு நாள் கைப்பேசியில் இந்த எஞ்சின் ஓடும் வீடியோவைக் காட்டினாள். புறப்படும்போது அதன் புகைபோக்கியிலிருந்து நாலு சொட்டு வெந்நீர் தெறித்தது. ஆறிக் கிடக்கும் உலோகத்தில் ஆவி பட்டால் முதலில் தண்ணீராகத்தான் வரும். எந்தப் பேட்டரியும் அப்படித் துப்பாது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார்கள்: ‘உள்ளே பேட்டரி.’ ‘நல்ல பொம்மை, விலை என்ன?’ ‘அது ஆவி இல்லை, சாம்பிராணிப் புகை. சாம்பிராணி ரயில்.’ எழுபதாவது வயதில் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டவன் நான். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோபம் வந்தது. வேகமாகப் படிப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இன்னொரு கோபம், சத்தம். வீடியோ முழுக்க நாதஸ்வரமும் வயலினும்தான். எஞ்சின் மூச்சு விடும் சத்தம் ஒரு நொடிகூட இல்லை. நீராவி எஞ்சினைக் காட்டிவிட்டு அதன் சத்தத்தை மறைப்பவனை என்ன செய்யலாம்? நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மருமகள் அவருக்கு எழுதினாள். ‘வியாழக்கிழமை வாங்க, தங்குற மாதிரி வாங்க’ என்று பதில் வந்தது. போய் வந்த பிறகு, ‘இன்டர்நெட்ல நான் நடத்துற பயணப் பக்கத்துல நீங்களே எழுதுங்க மாமா’ என்றாள். இதை எழுதப் பதினோரு நாள் ஆயிற்று. எழுதிய நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தது அவள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரத்தநாட்டில் காலை 6.10க்குப் பேருந்து ஏறினேன். தஞ்சாவூருக்கு இருபத்துநாலு கிலோமீட்டர், இருபது ரூபாய், நாற்பத்தைந்து நிமிடம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். நான் ஏறிய பயணிகள் ரயில் 7.50க்குப் புறப்பட்டது. குத்தாலத்துக்குக் கட்டணம் இருபது ரூபாய். கிளம்பும் முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வலப்பக்க ஜன்னல் கிடைத்தது. பாபநாசம் வரைக்கும் அறுவடை எந்திரங்கள் வயலுக்குள் நின்றன. தாராசுரம், கும்பகோணம், ஆடுதுறை என்று ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப் பலகையையும் படித்தேன். இந்த வழியில் பலமுறை போயிருக்கிறேன். ஊர்களை இப்போதுதான் வரிசையாகத் தெரிந்துகொண்டேன். குத்தாலத்தில் இறங்கியபோது மணி 9.40.

இங்கேதான் ஏமாந்தேன். போகும் முன் வேறொருவர் எழுதிய கட்டுரையைப் படித்திருந்தேன். ‘ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை’ என்று அதில் இருந்தது. அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி நடந்தேன். நாற்பது நிமிடம் நடந்த பிறகும் இரண்டு பக்கமும் வயல்தான். கடைசியில் ஓர் ஆட்டோ வந்தது.

“பத்து நிமிசமா? யாரு பெரியவரே சொன்னது?” என்றார் ஓட்டுநர்.

“எழுதியிருந்துச்சுப்பா.”

“எழுதுனவரு பைக்ல போயிருப்பாரு. இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கு, ஏறுங்க.”

மொத்தம் ஆறு கிலோமீட்டர். படிக்கத் தெரிந்தவர்களை நம்பி ஒருவன் எழுதுகிறான். எழுதியதை நம்பி ஒருவன் வெயிலில் நடக்கிறான். இது நியாயமா? நிலையத்து வாசலிலேயே ஆட்டோ பிடியுங்கள். நூற்றிருபது கேட்பார்கள், நூறுக்கு வருவார்கள். வழியில் ரோட்டின் பாதியில் நெல் காயப்போட்டிருப்பதால் ஆட்டோ மெதுவாகத்தான் போகும், அவசரப்படுத்தாதீர்கள்.

வீட்டுக்காரர் பெயர் ஜமால். அறுபது வயது இருக்கும். குவைத்தில் இருபத்தாறு வருடம் பைப் பிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கொல்லையில் ஏழு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கைப்பம்பு. இவற்றைச் சுற்றி, முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துக் கட்டிய மேடையில் அறுபது மீட்டர் தண்டவாளம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நாலரை சென்டிமீட்டர். வாய்க்கால் குறுக்கே போகிற இடத்தில் தேக்குச் சட்டத்தில் ஒரு பாலம். எஞ்சின் செம்பும் பித்தளையுமாகக் கறுப்பு பெயிண்ட் அடித்து நின்றது. நாலு கிலோ எடை. ஆறு வருடம் உட்கார்ந்து அவர் கையாலேயே செய்தது. தண்ணீர் என்ன ஊற்றுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன்.

“மழைத் தண்ணிண்ணே. ஐப்பசியில புடிச்சு வச்சது. போர் தண்ணி உப்பு, பாய்லருக்குள்ள சுண்ணாம்பு கட்டிரும்.”

அந்த ஒரு பதிலில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஆனால் அவர் முகம் சரியில்லை. விஷயத்தைச் சொன்னார். கோயம்புத்தூரில் நீராவி மாடல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடி ஓட்டுகிறார்கள். கையால் எஞ்சின் செய்தவர்களுக்கு அங்கே தனி மரியாதை. இவர் தன் வீடியோவை அனுப்பி இடம் கேட்டிருக்கிறார். அவர்களும் சாம்பிராணிப் புகையைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ‘தண்ணீர் ஊற்றுவதிலிருந்து ஓடி முடிவது வரை ஒரே வீடியோவாக, எங்கும் வெட்டாமல், இசை இல்லாமல் எடுத்து அனுப்புங்கள். ஆவி கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வராவிட்டால் இடம் வேறொருவருக்கு’ என்று எழுதிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தது வியாழக்கிழமை.

“ஆறு வருசம்ணே. கரண்ட்ல ஓட்டுறேன்னு சொல்றாங்க,” என்றார்.

அப்போது வீடியோ எடுப்பவர் வந்தார். செந்தில் என்று பெயர், நாற்பது வயது. கல்யாண வீடியோக்காரர். நாதஸ்வரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவருக்கு எஞ்சினும் மணப்பெண்ணும் ஒன்றுதான். தண்டவாளத்தில் ரோஜா இதழ் தூவி வைத்திருந்தார். ஒரு குடை விளக்கு வேறு.

பகல் பன்னிரண்டு மணிக்கு எஞ்சினைப் பற்றவைத்தார்கள். சின்ன கேஸ் டப்பாவிலிருந்து உள்ளே இருக்கும் பர்னருக்குக் கேஸ் போகிறது. ஒன்பது நிமிடத்தில், ஆவியின் அழுத்தம் காட்டும் கேஜில் முள் நாற்பது பவுண்டைத் தொட்டது. ஜமால் பாய் குமிழைத் திருகினார். நாலு சொட்டு வெந்நீர் துப்பிவிட்டு எஞ்சின் புறப்பட்டது. சத்தம் கேட்டேன். நெல் புடைக்கும்போது முறத்திலிருந்து வருமே, அந்த மாதிரி அளவான, விட்டுவிட்டு வரும் மூச்சு. மில்லில் நான் கேட்டதெல்லாம் பெரிய பாய்லரின் உறுமல். இவ்வளவு சின்னதாக அது பேசும் என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். ஆனால் ஆவி தெரியவில்லை. ஒரு துளி வெள்ளைகூட இல்லை.

“இப்படி எடுத்தா நாளைக்கும் பேட்டரின்னுதான் சொல்லுவான்,” என்று செந்தில் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். எஞ்சினின் முகத்தில், புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் முன்வாய்க் கதவைத் திறந்தார். பையிலிருந்து கப் சாம்பிராணி ஒன்றை எடுத்துப் பற்றவைத்து உள்ளே வைக்கப் போனார்.

“என்னய்யா பண்ற?” என்றேன்.

“பெரியவரே, இது சினிமா டெக்னிக். மூணு வீடியோவா இப்படித்தான் பண்றோம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் விழுது.”

“உண்மையான எஞ்சினுக்குப் பொய்ப்புகை போட்டுத்தானய்யா பொய்னு பேரு வாங்கிக் குடுத்திருக்க! மத்தியான வெயில்ல ஆவி எப்படிய்யா தெரியும்? சட்டில கொதிக்கிற உலையே பனியில ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி தெரியும். மில்லு ஆவி மார்கழி விடிகாலையில தூண் மாதிரி நிக்கும், மத்தியானம் தேடிப் பார்க்கணும்.”

“பெருசு மில்லையும் இதையும் ஒண்ணா பேசுது பாய்.”

ஜமால் பாய் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு, சாம்பிராணி வேண்டாம், மறுபடி பற்றவைத்து ஒருதரம் பார்ப்போம் என்றார். பற்றவைத்தார். ‘பொக்’ என்று அணைந்தது. மறுபடி பற்றவைத்தார், மறுபடி அணைந்தது. ஐந்து தரம். பர்னர் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

“பர்னரைத் தொடாதீங்க பாய்,” என்றேன். “முன் கதவைத் திறந்து வச்சுப் பத்தவைங்க.”

திறந்து வைத்தார். நெருப்பு நின்று எரிந்தது. கதவைச் சாத்தினார். பொக். திறந்தார், எரிந்தது. கதவு திறந்திருந்தால் நெருப்புக்கு வழி கிடைக்கிறது. மூடினால் புகைபோக்கி வழியாகத்தான் போயாக வேண்டும், அங்கே வழி இல்லை. மில்லிலும் இதே கதைதான். புகைபோக்கியில் சாம்பல் அடைத்தால் அடுப்பு திணறும். புதிதாக வந்த ஆள் உமியைக் குறை சொல்லுவான்.

எஞ்சின் ஆறியதும் புகைபோக்கிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கறுப்பாக, பிசின் மாதிரி, கையில் ஒட்டியது. முகர்ந்து பார்க்கச் சொல்லி செந்திலின் மூக்கருகே நீட்டினேன். மூன்று வீடியோவின் சாம்பிராணி, மத்தியான ஓட்டத்தின் சூட்டில் இளகி இறங்கி வழியை அடைத்திருந்தது.

அவர் முகர்ந்துவிட்டு, “வாசனையாத்தானே இருக்கு,” என்றார். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுத நோட்டில் இடம் போதாது. ஜமால் பாய் சிரித்துவிட்டார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் வரை சுத்தம் செய்தோம். சாம்பிராணிப் பிசின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். சைக்கிள் கம்பியில் துணி சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, உள்ளே விட்டு விட்டு எடுத்தேன். செம்பின் நிறம் தெரியும் வரை விடவில்லை. செந்திலும் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். ராத்திரி ஜமால் பாய் வீட்டில் சாப்பாடு, மீன் குழம்பு. அவர் மனைவி, “எங்க வீட்டு சாம்பிராணிக் கப்பெல்லாம் எங்க போகுதுன்னு இப்பத்தான் தெரியுது,” என்று செந்திலைப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை 6.30. தென்னை ஓலையிலிருந்து பனி சொட்டியது. எதிரே வயல் தெரியவில்லை. செந்திலிடம் மூன்று விஷயம் சொன்னேன். ரோஜா கூடாது, விளக்கு கூடாது, நிறுத்தக் கூடாது. ஜமால் பாய் மழைத் தண்ணீரை ஊற்றினார். எண்ணெய் விட்டார். பற்றவைத்தார். நெருப்பு நின்றது. கதவைச் சாத்தினார். நின்றது. இருபது, முப்பது, நாற்பது பவுண்டு. நாற்பத்தைந்தில் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து சீறியது. அந்த விளையாட்டுச் சாமான் அளவு வால்விலிருந்து ஆள் உயரத்துக்கு வெள்ளைத் தூண் ஒன்று எழுந்து நின்றது.

எஞ்சின் புறப்பட்டதும், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வெள்ளைப் பஞ்சு மேலே போயிற்று. ஒன்று கலைவதற்குள் அடுத்தது. பாலத்தைக் கடந்தபோது வாய்க்கால் மேல் கோடு இழுத்த மாதிரி ஆவி படுத்திருந்தது. ஜமால் பாய் பக்கத்திலேயே நடந்தார், தொடவே இல்லை. அப்போது பார்க்கிறேன், கேமரா முருங்கை மரத்தை நோக்கித் திரும்புகிறது. பழக்க தோஷம்.

“யோவ், எஞ்சினைக் காட்டுய்யா! முருங்கைக்காயப் பார்க்கவா கேட்டாங்க? கேஜைக் காட்டு! முள்ளு தெரியணும்!”

கத்திவிட்டேன். எங்கும் வெட்டக் கூடாத வீடியோ. என் குரலையும் வெட்ட முடியாது. அது மட்டுமா, பதினாலு சுற்றிலும் நான் ஏழெட்டு இடத்தில் திட்டியிருக்கிறேன் என்று பிறகு போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. எஞ்சின் மூச்சு, என் வசவு, ஒரு சேவல். இசை இல்லை. எஞ்சின் இருபத்திரண்டு நிமிடம் ஓடியது; தண்ணீர் தீரும் முன் ஜமால் பாய் நெருப்பை அணைத்ததும், தானாக வேகம் குறைந்து நின்றது. ஒன்பது மணிக்கு அனுப்பினார்கள். நான் பதினொன்றரை மணி ரயிலைப் பிடித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை மாதங்களில் போங்கள், விடிகாலையில் ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். பகலில் போனால் சத்தம் கேட்கலாம், ஆவி தெரியாது; தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்து ‘பேட்டரி’ என்று எழுதாதீர்கள். வெளியாட்களுக்கு வியாழன், ஞாயிறு மட்டும். முன்கூட்டிக் கேட்காமல் போகக் கூடாது, அது வீடு, கண்காட்சி இல்லை. கட்டணம் வாங்குவதில்லை. எஞ்சின் நின்ற பிறகும் அரை மணி நேரம் சுடும், கை வைக்காதீர்கள். படம் எடுப்பவர்கள் எஞ்சின் உயரத்துக்குக் குனிந்து, ஆவிக்குப் பின்னால் இருட்டான இலை வருகிற மாதிரி பார்த்து எடுங்கள்; வெளுத்த வானத்துக்கு முன்னால் வெள்ளை தெரியாது. இது செந்தில் சொன்னது. அந்த ஆளுக்குத் தொழில் தெரியும். நல்ல சாமானை நல்ல சாமானாக விட்டுவைக்கத்தான் தெரியவில்லை.

என் கோபம் பொய் சொன்னவர்கள் மேல் அதிகம் இல்லை. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அது போதாது என்று பயந்து, அதன் மேல் எதையாவது பூசுகிறவர்கள் மேல்தான்.

நேற்று ஜமால் பாய் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒரத்தநாட்டுக்கே வந்துவிட்டார். இடம் கொடுத்துவிட்டார்கள். மாசி கடைசியில் கோயம்புத்தூர். ஓர் எஞ்சினுக்கு இரண்டு பேர் கட்டாயமாம், ஓட்டுபவர் ஒருவர், பாய்லர் பார்ப்பவர் ஒருவர். இரண்டு பேரும் தம் கையால் பெயர் எழுத வேண்டும். ஓட்டுபவர் இடத்தில் அவர் எழுதிவிட்டு வந்திருந்தார்.

“அந்த வீடியோவுல திட்டுறவரு யாருன்னு கேட்டாங்கண்ணே. பாய்லர் பார்க்கிறவருன்னு சொல்லிட்டேன். எழுதுங்க.”

மில்லிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தது. பாய்லர் பார்ப்பவர் என்ற இடத்தில் முப்பத்தெட்டு வருடமும் வேறு ஒருவரின் கையெழுத்து. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எனக்கு நெருப்புப் போடத் தெரியும்.

பேனாவை வாங்கினேன். பெயர் எழுத விட்டிருந்த கட்டம் என்ன அளவு தெரியுமா? ஒன்றரை அங்குலம். யார் போட்டது அந்தக் கட்டத்தை? என் எழுத்து பெரிய எழுத்து. ‘வைத்தி’யோடு கட்டம் முடிந்துவிட்டது. “அவ்வளவு போதும்ணே, புரிஞ்சுக்குவாங்க,” என்றார் ஜமால் பாய். எனக்குப் போதாது. கோட்டைத் தாண்டி எழுதிக்கொண்டே போனேன். ‘யலிங்கம்’ பக்கத்துக் கட்டத்தில், ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று அச்சடித்திருந்த இடத்தில் இருக்கிறது. அலுவலகம் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.